இடைச்சொல்லும் புற்றுநோயும்



கவிதைக்கெனக் கூடும் அவையில் புற்றுநோயைப் பொருளாகக் கொள்வது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். ஆயினும், கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்நோயைப் பற்றி அறியவந்த செய்திகளுள் ஒரு பகுதி, சொல்லையும் சொல்லின் ஆட்சியையும் தொழிலாகக் கொண்டோர்க்கு மிக எளிதில் விளங்கக்கூடியது. மருத்துவம் கற்பவரைக் காட்டிலும் இலக்கணம் கற்றவர்க்கு அது விரைவில் பிடிபடும் என்றாலும் மிகையாகாது.

சொல்லைப் பகுத்த தொல்காப்பியர் பெயரையும் வினையையும் அடுத்து இடைச்சொல்லை வைத்தார். அதற்குத் தனித்து நடக்கும் இயல்பு இல்லை. பெயரையும் வினையையும் சார்ந்தே நடக்கும். சார்ந்த சொல்லுக்கு முன்னும் வரும், பின்னும் வரும். அவனே வந்தான், அவனும் வந்தான், அவனோ வந்தான் என்னும் மூன்றிலும் பெயர் ஒன்று, வினை ஒன்று. செய்தி மட்டும் மூன்று. மனித உயிரணுவுக்குள் எழுதப்பட்டுள்ள உரையிலும் இத்தகைய சார்புப் பகுதிகள் உண்டு. தாமாக எந்தப் பொருளையும் அவை சொல்வதில்லை. ஆனால், எது எப்போது எவ்வளவு உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பதை அவையே முடிவு செய்கின்றன. அப்பகுதிகளில் நேரும் எழுத்துப்பிழை ஓர் உயிரணுவைப் புற்றாக்க வல்லது.

டி.என்.ஏ. எனப்படும் இரட்டை இழையில் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் அவ்வுரை எழுதப்பட்டுள்ளது. மொத்தம் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். புரதங்களைக் கட்டும் முறையைச் சொல்லும் மரபணுக்கள் அதில் ஏறத்தாழ 20,000 உள்ளன. அவற்றுள்ளும் புரதத்தை நேரே குறிக்கும் எழுத்துகளை மட்டும் திரட்டினால், முழு உரையில் 2 விழுக்காட்டைக்கூட அவை எட்டுவதில்லை. எஞ்சியது என்ன? 1972ஆம் ஆண்டில் சுசுமு ஓனோ என்னும் அறிஞர் அதில் பெரும்பகுதியைக் 'குப்பை' என்று குறித்தார். இன்று அச்சொல்லை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் ஓனோ காட்டிய காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று: ஒவ்வோர் எழுத்தும் இன்றியமையாததாயின், தலைமுறைதோறும் நேரும் பிழைகளின் சுமையை எந்த உயிரினமும் தாங்க இயலாது. தவறு அவருடையதன்று, அச்சொல்லைக் கேட்டவுடன் அப்பக்கம் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று எண்ணியவர்களுடையது.

எல்லாரும் அவ்வாறு எண்ணவில்லை. பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் 1961ஆம் ஆண்டிலேயே நுண்ணுயிர்களில் மரபணுவைத் திறக்கவும் மூடவும் தனிப் பகுதி உண்டு என நிறுவியிருந்தனர். பால் சர்க்கரை கிடைக்கும்போது மட்டும் அதைச் செரிக்கும் நொதியை நுண்ணுயிர் ஆக்குகிறது; மற்ற நேரத்தில் அம்மரபணு வாய்மூடிக் கிடக்கிறது. மனித உடலிலும் இதே கதைதான். கண்ணிலுள்ள உயிரணுவும் கல்லீரலிலுள்ள உயிரணுவும் தாங்கி நிற்பது ஒரே உரை. எவ்வரிகள் வாசிக்கப்படுகின்றன என்பதில்தான் வேறுபாடு.

மரபணுவின் வாயிலில் அமைந்த சிறு பகுதியைப் புரோமோட்டர் என்பர். வாசிப்பு தொடங்கும் இடம் அது. தொலைவிலிருந்து வாசிப்பின் ஒலியைக் கூட்டும் வேறொரு பகுதியும் உண்டு. 1981ஆம் ஆண்டு சூரிச் நகரில் வால்டர் ஷாஃப்னரின் ஆய்வுக்கூடத்தில், எஸ்.வி.40 என்னும் குரங்கு வைரசின் ஒரு துண்டைக் குருதிப் புரத மரபணு ஒன்றின் அருகே ஒட்டிப் பார்த்தனர். அம்மரபணுவின் வாசிப்பு ஏறத்தாழ 200 மடங்கு பெருகிற்று. வியப்பு அதிலன்று. துண்டை மரபணுவுக்கு முன்னே வைத்தாலும் பின்னே வைத்தாலும், ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் வைத்தாலும், திருப்பி வைத்தாலும் அது வேலை செய்தது. முன்னும் வரும், பின்னும் வரும் என்னும் இடைச்சொல் இலக்கணம் இங்கே நினைவுக்கு வராமற் போகாது. இத்தகைய துண்டுக்கு என்ஹான்சர் என்று பெயர். பெருக்கி என்று சொல்லலாம். டி.என்.ஏ. இழை நேர்கோடாக நீண்டு கிடப்பதில்லை. மடிந்து சுருண்டு கிடக்கிறது. ஆகவே எழுத்துக் கணக்கில் தொலைவிலிருக்கும் பெருக்கி, மடிப்பினால் மரபணுவின் வாயிலுக்கே வந்து நிற்கிறது.

இனி நோய்க்கு வரலாம். உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் மருத்துவம் பார்த்து வந்தவர் டெனிஸ் பர்கிட் என்னும் ஐரிஷ் அறுவை மருத்துவர். முகத்தின் தாடைகள் உருமாறும் அளவுக்கு வீங்கிய குழந்தைகள் 1950களின் பிற்பகுதியில் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். வீக்கம் சில நாட்களிலேயே இரட்டிப்பாகும். மருத்துவம் இல்லையேல் குழந்தை சில மாதங்கள்கூடத் தாங்காது. 1958ஆம் ஆண்டு பர்கிட் அதைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அக்கட்டிகளில் எப்ஸ்டீன், பார் ஆகியோர் பெயர் தாங்கிய வைரஸ் 1964ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. எனினும், கட்டியின் உயிரணுக்களில் 8ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 14ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்ததன் பொருள் 1982ஆம் ஆண்டில்தான் விளங்கிற்று.

8ஆம் குரோமோசோமில் மிக் என்னும் மரபணு இருக்கிறது. உயிரணு வளர்ந்து பகுபட வேண்டிய வேளையில் சிறிது பேசிவிட்டு அடங்குவது அதன் இயல்பு. 14ஆம் குரோமோசோமில் நோயெதிர்ப்புப் புரத மரபணுவும் அதன் பெருக்கியும் இருக்கின்றன. நோயெதிர்ப்புப் புரதம் ஆக்குவதையே தொழிலாகக் கொண்ட வெள்ளணுவில் அப்பெருக்கி ஓயாது முழங்கிக்கொண்டிருக்கும், இருக்கவும் வேண்டும். துண்டுகள் இடம் மாறியபோது மிக் அந்தப் பெருக்கியின் ஆட்சிக்குள் வந்து விழுந்தது. பல நோயாளிகளிடம் மிக் புரதத்தைக் குறிக்கும் பகுதி முழுமையாகவே இருந்தது, சொல் சிதையவில்லை. தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லப்பட வேண்டியது இரவும் பகலும் கூவப்பட்டது. அக்கூவலைக் கேட்ட உயிரணு பகுபட்டுக்கொண்டே சென்றது.

இது குரோமோசோமே முறிந்து ஒட்டும் பெரும் விபத்து. நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும். ஒரேயோர் எழுத்து மாறுவதால் இவ்வளவு நேருமா என்பது நெடுங்காலம் விடையின்றி இருந்தது. விடை வந்த ஆண்டு 2013. அதைச் சற்று விரிவாகவே காண வேண்டும்.

உயிரணு இரண்டாகப் பகுபடும் ஒவ்வொரு முறையும் குரோமோசோமின் முனைகள் சிறிது தேய்கின்றன. புடைவைத் தலைப்பில் நூல் பிரியாதிருக்கக் குஞ்சம் முடிவது போல, அம்முனைகளில் டி டி ஏ ஜி ஜி ஜி என்னும் ஆறெழுத்து மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டுள்ளது. டெலோமியர் என்பது அதன் பெயர். தேய்வது இக்குஞ்சம்தான். குஞ்சம் தீர்ந்தால் உயிரணு பகுபடுவதை நிறுத்திக்கொள்ளும். ஆய்வுக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படும் மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முறை பகுபட்டு நின்றுவிடுவதை லெனர்ட் ஹேஃப்லிக் 1961ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். தேய்ந்த குஞ்சத்தை மீண்டும் நெய்யும் நொதி ஒன்று உண்டு என்பதை எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர் என்னும் இரு பெண் அறிஞர்கள் 1984ஆம் ஆண்டில் ஒரு குளத்து நுண்ணுயிரில் கண்டனர். டெலோமரேஸ் என்னும் அந்நொதியின் இன்றியமையாத பகுதியைச் சொல்லும் மரபணுவுக்கு டெர்ட் என்று பெயர். வளர்ந்த மனிதரின் பெரும்பாலான உயிரணுக்களில் டெர்ட் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம், ஒவ்வோர் உயிரணுவுக்கும் விதிக்கப்பட்ட ஆயுள் வரம்பு. புற்றுநோய்க்கு எதிரான காவலும் அதுவே.

புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் டெலோமரேஸ் மீண்டும் தலைதூக்கியிருப்பது 1990களில் தெரியவந்தது. மௌனம் எவ்வாறு கலைந்தது என்பதுதான் தெரியவில்லை. பின்னாளில் கட்டிகளின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வசதி வந்தபோது, செலவு கருதிப் புரதம் சொல்லும் 2 விழுக்காட்டை மட்டுமே பெரும்பாலும் படித்தனர். தேடப்பட்ட பிழையோ அதற்கு வெளியே, டெர்ட் மரபணுவின் வாயிலில் இருந்தது.

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லெவி கேரவே குழுவினரும், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ராஜீவ் குமார் குழுவினரும் தத்தம் முடிவுகளைச் சயன்ஸ் இதழில் அடுத்தடுத்து வெளியிட்டனர். மெலனோமா என்னும் தோல் புற்றுக்கட்டிகள் 70ஐப் பாஸ்டன் குழு ஆராய்ந்தது; அவற்றுள் 50இல் டெர்ட் மரபணுவின் புரோமோட்டரில், இரண்டு இடங்களுள் ஏதேனும் ஒன்றில், சி என்னும் எழுத்து டி என மாறியிருந்தது. புரதம் தொடங்கும் எழுத்துக்கு 124 எழுத்துகள் முன்னே ஓரிடம். 146 எழுத்துகள் முன்னே மற்றோரிடம். ஹைடல்பெர்க் குழு, மெலனோமா வழிவழியாக வந்த ஒரு குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தது. அக்குடும்பத்தில் நோயுற்றவர்கள் அதே புரோமோட்டரில் 57 எழுத்துகள் முன்னே ஒரு மாற்றத்தைப் பிறப்பிலேயே பெற்றிருந்தனர். அவர்களின் புரதங்களில் தேடியிருந்தால் அந்நோயின் காரணம் கிட்டியிராது.

ஓரெழுத்து மாறியதால் என்ன ஆயிற்று? ஓரிழையில் சி டியாக மாறினால், எதிரிழையில் ஜி ஏயாக மாறும். அதனால் முன்பு ஜி ஜி ஏ ஜி என்று இருந்த இடம் ஜி ஜி ஏ ஏ ஆயிற்று. இந்த நான்கெழுத்தைத் தேடிப்போய் அமர்வதையே வேலையாகக் கொண்ட புரதக் குடும்பம் ஒன்று உயிரணுவில் இருக்கிறது; ஈ.டி.எஸ். குடும்பம் என்பர். ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லாமையால், ஒரே எழுத்து வரிசையைப் பதிப்பாசிரியர்கள் இருவர் இரு சொல்லாகப் படித்த நிகழ்ச்சிகளை இவ்வவையினர் நன்கறிவர். ஆயினும் இங்கு நடந்தது அதனினும் விந்தையானது. ஒரு சொல் வேறு சொல்லாகவில்லை. சொல்லே இல்லாதிருந்த இடத்தில் புதியதொரு சொல் பிறந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் ஏற்கெனவே காத்திருந்தார்.

அக்குடும்பத்தில் ஏறத்தாழ முப்பது புரதங்கள் உள்ளன. வந்து அமர்வது ஜி.ஏ.பி.பி. என்னும் புரதமே என்பதைச் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் காட்டினர். பிழையற்ற புரோமோட்டரை அது பொருட்படுத்துவதே இல்லை. மற்றொரு செய்தி யாப்பறிந்தோர்க்குச் சுவையானது. ஜி.ஏ.பி.பி. இணையாக அமரும் இயல்புடையது; அதற்கு இயல்பாகவே அருகிலுள்ள அதே வகை இடமும் வேண்டும். முறுக்கிய இழையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ பத்தரை எழுத்துகள். பிழை நேரும் இரு இடங்களும் அந்த இயல்பான இடத்திலிருந்து முழுச் சுற்றுகளாக அமைந்த தொலைவில் உள்ளன. ஆதலால் இரண்டும் இழையின் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. அடி எதுகை நிற்க வேண்டிய இடத்தில் நின்றது என்றே சொல்லத் தோன்றுகிறது. மற்ற இடத்தில் அதே நான்கெழுத்து பிறந்திருந்தால் இந்த இணைவு அமைந்திராது.

சி டியாக மாறுவது வெயிலின் புறஊதாக் கதிர் தோலில் விளைவிக்கும் சேதத்தின் அடையாளம். ஆனால் இதே இரண்டு மாற்றங்கள், வெயில் என்றும் தீண்டாத மூளை, கல்லீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் கட்டிகளிலும் மிகுதியாகக் காணப்பட்டன. மூளையில் தோன்றும் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டியில் பெரும்பாலானவற்றில் இம்மாற்றம் உண்டு. இதனால் நோயறியும் முறையே மாறியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட மூளைக்கட்டி வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச். மரபணுவில் மாற்றமில்லாத பெரியவர் ஒருவரின் பரவும் இயல்புடைய ஆஸ்ட்ரோசைட்டோமா கட்டி நுண்ணோக்கியில் மென்மையானதாகத் தோன்றினும், டெர்ட் புரோமோட்டரில் இப்பிழை இருக்குமாயின் அது கிளியோபிளாஸ்டோமா என்றே கொள்ளப்படும். கண் காணும் உருவத்தைவிட ஓரெழுத்தின் சான்று வலியதாயிற்று. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவர் சொல்லப்போவது அந்த ஓரெழுத்தைப் பொறுத்தது.

ஈரான் நாட்டின் வடகிழக்கே கொலெஸ்தான் மாநிலத்தில் பல்லாயிரம் மக்களின் உடல்நலம் நெடுங்காலமாகப் பின்தொடரப்பட்டு வருகிறது. நலமாயிருந்த நாளில் அவர்களிடம் பெற்றுச் சேமித்த சிறுநீரைப் பின்னர் ஆராய்ந்தபோது, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு ஆளானவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் டெர்ட் புரோமோட்டர்ப் பிழை நோய் வெளிப்படுமுன்பே இருந்தது தெரிந்தது. சிலரிடம் அது பத்தாண்டுகள் முந்தியது. 2020ஆம் ஆண்டு வெளியான செய்தி இது. பத்தாண்டு என்பது ஒரு மருத்துவருக்கு மிக நீண்ட அவகாசம்.

டெர்ட் வாயிலில் நேர்ந்தது எழுத்து மாற்றம். எழுத்துகள் புகுந்து புதிய பெருக்கியையே ஆக்கிவிடும் நிகழ்ச்சியும் உண்டு. டி-அணுக் குருதிப் புற்றுநோயில், டால்-1 என்னும் மரபணு மூடப்பட வேண்டிய நேரத்தில் மூடாதிருப்பதால் சிறுவர்கள் நோயுறுகின்றனர். சில நோயாளிகளிடம் அதன் காரணம் தெரியாதிருந்தது. பாஸ்டனில் தாமஸ் லுக்கின் குழுவினர் 2014ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். மரபணுவுக்கு ஏறத்தாழ 7,500 எழுத்துகள் முன்னே, எப்பணியும் அற்றதாகக் கிடந்த ஓரிடத்தில், இரண்டு முதல் பதினெட்டு எழுத்துகள் வரை புதிதாகப் புகுந்திருந்தன. அவற்றால் மிப் என்னும் புரதம் அமரத்தக்க சொல் அங்கே உருவாயிற்று. மிப் அமர்ந்ததும் மற்றப் புரதங்கள் கூடின. வலிமை மிக்க பெருக்கி ஒன்று எழுந்தது. அங்கே வந்து கூடியவற்றுள் டால்-1 புரதமும் ஒன்று. தன்னை உரக்கச் சொல்லுமாறு தானே தூண்டும் நிலையை அது அடைந்துவிட்டது. 1970களில் ஒரு சிறுவனின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஜுர்காட் உயிரணுக்களில் இவ்வாறு புகுந்தவை 12 எழுத்துகள். பல்லாண்டுகள் ஆயிரக்கணக்கான ஆய்வாளர் கையாண்ட உயிரணு அது. அந்தப் பன்னிரண்டு எழுத்துகளை எவரும் பார்த்திருக்கவில்லை.

பிறப்போடு வரும் சிறு வேறுபாடுகளையும் சுருங்கச் சொல்லிவிடலாம். மிக் மரபணுவின் அயலில் மரபணுவே இல்லாத பாலைநிலம் ஒன்று நீள்கிறது. அங்கே ஓரிடத்தில் ஜி இருப்பவர்க்கு, டி இருப்பவரைவிடப் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது 2007ஆம் ஆண்டில் தெரிந்தது. அவ்விடம் மிக்கிலிருந்து ஏறத்தாழ 3,35,000 எழுத்துகள் தள்ளி இருக்கிறது. மடிப்பினால் அதைத் தொடுகிறது. இந்த ஜி உலக மக்களுள் கோடிக்கணக்கானோரிடம் உண்டு. அதனால் கூடும் தீங்கும் மிகச் சிறிது. அச்சம் கொள்வதற்கில்லை. எனினும், எலிகளில் அப்பகுதியையே நீக்கியபோது அவை நலமாக வாழ்ந்ததோடு குடற்கட்டிகளை எதிர்த்தும் நின்றன என 2012ஆம் ஆண்டில் காட்டப்பட்டது.

இத்தனையும் கேட்டபின், எஞ்சிய 98 விழுக்காடும் பொருள் பொதிந்ததே என்று பாடிவிடக் கவிஞர்க்கு ஆவல் பிறக்கலாம். அந்த ஆவலைச் சற்று அடக்கிக்கொள்வது நல்லது. இடைச்சொற்களுள்ளும் அசைநிலை உண்டு. செய்யுளின் இசையை நிறைப்பதற்கென்றே வந்து, பொருள் எதுவும் தாராமல் நிற்பவை உண்டு. டி.என்.ஏ.விலும் அத்தகையது மிகுதி. பொருளற்ற இடத்தில் விழும் பிழை எத்தீங்கும் செய்யாது. எப்பிழை நோயை நடத்துகிறது, எப்பிழை வெறுமனே உடன் வருகிறது என்று பிரித்தறிவதே கடினமான வேலை.

பல கட்டிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால் அதுவே நோயின் காரணம் என்று கொள்ளத் தோன்றும். மெலனோமாவில் புரோமோட்டர்கள் பலவற்றில் அவ்வாறு பிழைகள் குவிந்து கிடந்தன. 2016ஆம் ஆண்டில் அதன் உண்மைக் காரணம் ஒன்று வெளிப்பட்டது. உயிரணுவில் மெய்ப்புத் திருத்தும் நொதிகள் உண்டு. வெயிலால் நேர்ந்த பிழைகளை அவை ஓயாது திருத்தி வருகின்றன. ஆனால் புரோமோட்டரின் மேல் வேறு புரதங்கள் அமர்ந்திருக்கும்போது மெய்ப்புத் திருத்துவோர் அவ்விடத்தை அணுக இயலுவதில்லை. அச்சுத்தாளின் ஒரு வரியை ஒருவர் விரல் மறைத்திருந்தால் அவ்வரியில் பிழைகள் மிஞ்சுவது போலத்தான். அப்பிழைகள் மிகுந்தது நோய்க்கு அவை உதவியதால் அன்று, திருத்தப்படாமையால். டெர்ட் பிழையோ இந்த ஐயங்களைக் கடந்து நிற்கிறது; அது அமரும் புரதமும், எழுப்பும் நொதியும், நீட்டும் முனையும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட்டுள்ளன.

பல நாடுகளின் ஆய்வாளர்கள் ஒன்றுகூடி 38 வகைக் கட்டிகளைச் சார்ந்த 2,658 நோயாளிகளின் புற்று டி.என்.ஏ.வை, 2 விழுக்காட்டை மட்டுமன்றி முழுமையாகவே படித்து, 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். குப்பைக்குள் பெரும் புதையல் இருக்கும் என எதிர்பார்த்தோர்க்கு அது சிறிது ஏமாற்றமே. நோயை நடத்தும் எழுத்துப்பிழைகளுள் பெரும்பாலானவை புரதம் சொல்லும் பகுதியிலேயே இருந்தன. வெளியே கண்டவற்றுள் டெர்ட் புரோமோட்டரே மற்ற எல்லாவற்றையும் விஞ்சி நின்றது. ஒரு கட்டிக்குச் சராசரியாக நான்கைந்து காரணப் பிழைகள் கிடைத்தன. ஏறத்தாழ 5 விழுக்காட்டுக் கட்டிகளிலோ, 300 கோடி எழுத்துகளையும் படித்து முடித்த பின்னரும், காரணம் என்று சுட்டத்தக்க ஒரு பிழையும் அகப்படவில்லை.